எடுப்புக் கொம்பும் வாங்கு கொம்பும்

கொம்பு ஊதுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூச்சு தீருமுன் மற்றவர் அந்த ஒலியை ஏற்றுக்கொள்ள வேண்டும். இடையில் இமைப்பொழுதும் வெறுமை விழலாகாது. முதலில் ஒலியை எழுப்புகிறவரை எங்கள் பக்கத்தில் எடுப்பு என்போம். ஏற்றுத் தொடர்கிறவரை வாங்கு என்போம். பெரம்பலூர் வட்டாரத்துத் திருவிழாக்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் மனைவியின் அண்ணன் எடுப்பாக நின்றார். நான் வாங்காக நின்றேன். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியர் என்று பெயர்ப்பலகை மாட்டிய அறையில் நான் அமர்ந்திருந்தபோதும், எங்கள் ஊரார் என்னை அவருடைய வாங்கு என்றுதான் அறிமுகம் செய்தார்கள். அது சரியான அறிமுகம் என்றே நான் கருதினேன்.

எங்கள் கொம்பு பித்தளையால் ஆனது. நான்கு துண்டுகளாகக் கழற்றலாம். பூட்டினால் பிறை போல் வளைந்து தலைக்கு மேல் எழும். அதில் விரல் வைக்கத் துளை கிடையாது. உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் வேகத்தாலும் நான்கு சுரங்கள் பிறக்கும், அவ்வளவே. அந்த நான்கைக் கொண்டு எங்கள் முன்னோர் இரண்டு முறைகளை வகுத்திருந்தனர். சாமி புறப்படும்போது ஊதுவது ஒன்று. அது அடிச்சுரத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறி உச்சியில் நிற்கும். மனிதர் இறந்து பாடை எழும்போது ஊதுவது மற்றொன்று. அது உச்சியில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி அடியில் அடங்கும். கோயிலில் நாங்கள் நிற்குமிடம் கோபுர வாசலுக்கு வெளியே. சாவு வீட்டில் நிற்குமிடம் வாசலுக்கு நேர் எதிரே. நிலமில்லாத கூலிக் குடும்பங்களாகிய எங்களுக்கு இவ்விரண்டும் முறையாக வந்த இடங்கள்.

மச்சான் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அரைவைக் காலத்தில் எறையூர் சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்குவார். மற்ற மாதங்களில் கிடைத்த வயல் வேலைக்குப் போவார். நெஞ்சு அகன்றவர். பேச்சில் முள்ளும் மனத்தில் பாகும் கொண்டவர். என் திருமணத்தன்று, தங்கையை என் கையில் ஒப்படைத்துவிட்டு, அவர் முதலில் கேட்டது என் முன்பல் ஆடுகிறதா என்பதைத்தான். பல் ஆடினால் வாங்கு கெட்டுவிடும் அல்லவா?

நானோ அரியலூரில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியனாக இருந்தேன். விடியலில் நீராடி, நீறணிந்து, பதிகம் பாடிய பிறகே பள்ளிக்குப் புறப்படுவது வழக்கம். பண்களை முறையாகக் கற்க மாலை வகுப்புகளுக்குச் சென்றேன். பாடி வரும்போது ஓர் ஐயம் எழுந்தது. பதிகங்களில் இத்தனை இடங்களில் முழங்குகிற கொம்பைப் பற்றி இசை நூலோர் ஏன் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை? அந்த ஐயத்தைத் தொடர்ந்து சில கட்டுரைகள் எழுதினேன். அவற்றைப் படித்த யாரோ ஒருவர், ரயிலில் போகும் தூரத்திலிருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் பழங்கருவிகளுக்கென விரிவுரையாளர் பணி ஒன்று வரப்போவதாகக் கடிதம் எழுதினார். எழுபதுகளின் பிற்பகுதி அது. பணிக்கு வயது வரம்பு உண்டு. எனக்கு அதைக் கடக்கச் சில மாதங்களே இருந்தன. அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் இன்னொன்று வாராது என்பதை நான் அறிந்திருந்தேன்.

விண்ணப்பத்தில் கருவியைப் பற்றி விளக்கும் பகுதி ஒன்று இருந்தது. 'ஆலய இசைக்கருவி; இறைவன் திருவுலாவின்போது ஊதப்படுவது' என்று எழுதினேன். அதற்குக் கீழே ஐந்தாறு வரிகளுக்கு இடமிருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு சற்று நேரம் யோசித்தேன்; பிறகு அந்த இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டேன். பொய் எழுதவில்லை என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. கருவியை ஊதிக் காட்ட வேண்டும் என்றும், துணைக் கலைஞர் ஒருவரை உடன் அழைத்து வரலாம் என்றும் அதில் கண்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எறையூருக்குப் போனேன். ஆலைக்கு எதிரே மரநிழலில் மச்சான் கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னதும் வருவதாக ஒப்புக்கொண்டார். தயங்கித் தயங்கி அடுத்ததையும் சொன்னேன்.

"அங்க சாவு சங்கதி எதுவும் பேச வேணாம் மச்சான். கோயிலுக்கு ஊதுறதுன்னு மட்டும் சொல்லுவோம்."

அவர் சக்கையைத் துப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன், அவுங்க வூட்ல யாரும் சாவ மாட்டாங்களாமா?"

என் முகத்தைப் பார்த்து அவரே மனமிரங்கினார். "சரி விடு மாப்ள. நான் எங்க பேசப் போறேன்? என் வாயிலதான் கொம்பு இருக்குமே" என்றார்.

குறித்த நாளில் அவர் முதல் பஸ்ஸில் அரியலூர் வந்து சேர்ந்தார். இருவருமாகப் பாசஞ்சர் ரயில் ஏறினோம். கழற்றிய கொம்புத் துண்டுகளைப் பழைய வேட்டியில் சுற்றிக் கித்தான் பையில் வைத்து மடியிலேயே வைத்திருந்தார். எதிரே இருந்த பெரியவர் ஒருவர், பம்புசெட்டுக் குழாயா என்று விசாரித்தார். ஆமாம், ஆனால் இதில் தண்ணீருக்குப் பதிலாகச் சத்தம் வரும் என்று மச்சான் மிகுந்த பணிவோடு விடை சொன்னார். என் மனம் அதில் ஒட்டவில்லை. புறப்பாட்டு முறையைத்தான் ஊத வேண்டும், அடியிலிருந்து ஏற வேண்டும், மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு தரம் சொன்னால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடப் போவதாக அவர் எச்சரித்த பிறகே ஓய்ந்தேன்.

பல்கலைக்கழகத்தில் முதலில் என்னை மட்டும் ஓர் அலுவலக அறைக்கு அழைத்தார்கள். தேர்வுக் குழுவில் மூவர் இருந்தனர். தலைவர் முதியவர், அன்று அவருக்குச் சளி பிடித்திருந்ததால் துண்டால் வாயை மூடிக்கொண்டே இருந்தார். இரண்டாமவர் துறைத் தலைவியான வாய்ப்பாட்டு அம்மையார். மூன்றாமவர் வெளியூரிலிருந்து வந்த வீணை வித்துவான். கேள்விகளுக்கு ஓரளவு நன்றாகவே விடை சொன்னேன். பிறகு, எதிரிலிருந்த கூடத்துக்கு வந்து ஊதிக் காட்டுமாறு சொல்லிவிட்டு அவர்கள் முன்னே போனார்கள்.

அந்தக் கூடத்தை நான் அதற்குமுன் பார்த்திருக்கவில்லை. இசைத் துறைக்கு நன்கொடை அளித்த செல்வர் ஒருவரின் பெரிய படம் சுவரில் இருந்தது. அன்று அவருடைய நினைவு நாள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? படத்துக்குப் புதிய சம்பங்கி மாலை சார்த்தியிருந்தார்கள். கீழே குத்துவிளக்கு எரிந்தது. ஊதுவத்திப் புகை மேலே போய்க்கொண்டிருந்தது. படத்தின் இருபுறமும் போட்டிருந்த நாற்காலிகளில் குழுவினரும் துறை ஆசிரியர் சிலரும் பேசாமல் அமர்ந்திருந்தனர். தலைவர் துண்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. உள்ளே நுழைந்த மச்சான் நின்றார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். குழுவினருக்குக் காட்டும் மரியாதை என்று நான் எண்ணினேன்.

கொம்புகளைப் பூட்டினோம். ஊதுவாயை நீரால் நனைத்தோம். அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். அவர் கண்களை மூடிக்கொண்டு எடுத்தார்.

ஒலி உச்சியில் எழுந்தது.

உச்சியில் தொடங்குவது இறந்தவருக்கு ஊதும் முறை. இரண்டாம் சுரத்துக்கு இறங்கினார், மூன்றாவதற்கு இறங்கினார். அவருடைய ஒரு மூச்சின் நீளம் மட்டுமே எனக்குக் கிடைத்த கால அளவு. வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. அவர் அடிச்சுரத்தில் வந்து நிற்பார். அங்கிருந்து நான் வாங்கி, மெல்ல ஏறி, உச்சியில் போய் நின்றுவிட்டால் அது புறப்பாடாகிவிடும். அவர் இறங்கியது ஒரு முன்னொலி என்று கேட்போர் கொள்வார்கள். என் விண்ணப்பமும் காப்பாற்றப்படும்.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். யாரென்றே அறியாத ஒருவருக்காக, எங்கள் தெருவில் எவருக்கும் ஊதுவதைப் போலவே, குறைவில்லாமல் ஊதிக்கொண்டிருந்தார். சாவு முறையில் ஒலி அறுந்தாலோ மாறினாலோ போகிறவருக்கு வழி அறுந்துபோகும் என்பது எங்களவர் நம்பிக்கை. நான் ஏறியிருந்தால் அவர் கண் திறந்து என்னைப் பார்த்திருப்பார். அத்தனை பேர் முன்னிலையில் அவரைத் தனியே விட்டதாக அது ஆகியிருக்கும். வேறொன்றும் அப்போது நெஞ்சில் தைத்தது. சுடலையில் ஆடுகின்ற பெருமானை நாள்தோறும் விடியலில் கண்ணீர் மல்கப் பாடுகிறவன் நான். அந்தச் சுடலை வரைக்கும் போகின்ற கொம்பு என்று ஒரு தாளில் எழுத என் கை கூசியிருந்தது.

அவர் அடியில் வந்து நின்றார். நான் வாங்கினேன், படியேறாமல் நேரே உச்சிக்குத் தாவி, அவர் இறங்கியவாறே இறங்கினேன். மூன்று சுற்று முடித்துக் கொம்புகளைத் தாழ்த்தினோம்.

தலைவர் துண்டை விலக்கிவிட்டு, இது எந்தச் சமயத்தில் ஊதுவது என்று கேட்டார்.

விண்ணப்பத்தின் வெறுமையான வரிகள் என் கண்முன் நின்றன. "இறந்தவரை எடுத்துச் செல்லும்போது ஊதுவது ஐயா. இதையும் விண்ணப்பத்தில் எழுதியிருக்க வேண்டும். நான்தான் எழுதாமல் விட்டேன்" என்றேன்.

அப்போதுதான் மச்சானுக்குப் பிசகு உறைத்தது. அவர் முகம் கறுத்தது. வீணை வித்துவான், சாவு வீட்டு வாத்தியத்துக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு பதவி தேவைதானா என்று தம் பக்கத்தில் இருந்தவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டார். துறைத் தலைவியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மச்சானை நோக்கி, ஏன் இதை எடுத்தீர்கள் என்று வினவினார்.

பேச மாட்டேன் என்று எறையூரில் வாக்குக் கொடுத்த மனிதர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினார்.

"மாலை போட்டு வெளக்கேத்தி எல்லாரும் கம்முனு ஒக்காந்திருந்தீங்கம்மா. எங்க ஊர்ல ஒரு வூட்ல சாவு கெடக்குன்னா, அதை எடுக்கிற வரைக்கும் சாமி பொறப்படாது. கோயில் கதவே தொறக்க மாட்டாங்க. அதான், மொதல்ல அவரை அனுப்பிட்டு அப்பறம் சாமிக்கு ஊதலாம்னு நெனச்சேன். மாப்ள கோயிலுக்குத்தான் ஊதச் சொன்னாப்ல. அவரு மேல தப்பு இல்லீங்க."

அம்மையார் மாலையிட்ட படத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, அப்படியானால் இனிச் சாமி புறப்படலாம் அல்லவா, அதையும் ஊதுங்கள் என்றார். ஊதினோம். ஏறும் முறையைக் கேட்டதும் ஒரு தாளை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். இரண்டிலும் வருவது அதே நான்கு சுரங்கள்தாமா என்று கேட்டார். ஆம் என்றேன். இதுவரை எவரேனும் எழுதி வைத்திருக்கிறார்களா என்றார். இல்லை என்றேன். இரண்டில் எது முதலில் தோன்றியிருக்கும் என்பது அவருடைய கடைசிக் கேள்வி. எனக்குத் தெரியாது, கண்டறிய விரும்புகிறேன் என்று சொன்னேன். தலைவர் தும்மிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

திரும்பி வரும்போது மச்சான் ஜன்னலோரத்தில் அமர்ந்துகொண்டு, ஆளே மாறிப்போனவராக வெளியே பார்த்தபடி வந்தார். அரியலூர் ஸ்டேஷனுக்கு வெளியே சாப்பிட அழைத்தேன், பசியில்லை என்றார். நாள் முழுதும் கட்டுக் கட்டாகக் கரும்பைச் சுமந்துவிட்டு ஐந்து இட்லியோடு ஆறாவதையும் கேட்கிறவர் அவர். பெரம்பலூர் பஸ் வரும் வரையில் நின்றோம்.

"ஒன் வேலையில மண்ணைப் போட்டுட்டேன் மாப்ள. நான்தான் தப்பா எடுத்தேன். நீ ஏன் வாங்குன? நீ வேற மாதிரி போயிருக்கலாம்ல?"

"நீங்க எடுத்தா நான் வாங்கணும்ல மச்சான்."

"அது கோயில்ல. ஆபீஸ்ல இல்ல."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. வேலை போய்விட்டது என்பதில் இருவருக்குமே ஐயம் இல்லை. ஆயினும் அன்று வீடு திரும்புகையில் என் மனம் கனத்திருக்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். அந்த விண்ணப்பத்தை அனுப்பிய நாள் முதல் பதிகம் பாட வாய் திறக்கும்போதெல்லாம் ஓர் உறுத்தல் இருந்தது. மறுநாள் விடியலில் அது இல்லை.

ஆறு வாரங்கள் கழித்துப் பள்ளி முகவரிக்கு நியமன ஆணை வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே எறையூருக்குப் போனேன். மச்சான் கரும்பு லாரியின் மேலே நின்றிருந்தார். கீழிருந்து சொன்னேன். அவர் நம்பவில்லை. "நல்லா வெளங்கப் படிச்சியா? அடுத்தவன் பேருல வந்ததா இருக்கப் போவுது" என்றார். பெயரும் முகவரியும் உரக்கப் படித்துக் காட்டினேன். உடனே இறங்கி வரவில்லை. கடைசிக் கட்டைத் தள்ளிவிட்டுத்தான் வந்தார். வந்தவர், கை அழுக்காக இருக்கிறது என்று தாளைத் தொட மறுத்து, என்னையே அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னார்.

அதன்பின் விரிவுரையாளராகவும், எண்பதுகளில் பேராசிரியராகவும் அங்கே பணியாற்றினேன். இரண்டு முறைகளையும் சுரப்படுத்தி எழுதினேன். பூலாம்பாடி தொடங்கிப் பல ஊர்களுக்கு நடந்து, எடுப்பும் வாங்கும் ஊருக்கு ஊர் எப்படி மாறுகின்றன என்று தொகுத்தேன். மச்சான் ஆண்டுக்கு இருமுறை வகுப்புக்கு வருவார். துறைத் தலைவியாரை மட்டும் 'அம்மா' என்பார். மற்ற எல்லோரும், மாணவர் உட்பட, அவருக்கு 'சார்'தான். ஒலிப்பதிவுக்குப் புறப்பாட்டை எத்தனை முறை கேட்டாலும் ஊதுவார். மற்றதைக் கேட்டால், யார் போயிருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பார். ஆகவே எங்கள் துறையின் ஒலிநாடாவில் பாதிதான் இருக்கிறது. மீதியை நான் வாயால் பாடிக் காட்டினேன். விண்ணப்பத்தில் விடுபட்ட வரிகளைப் பாடத்திட்டத்தின் முதற் பக்கத்திலேயே எழுதினேன்.

பணியில் சேர்ந்த முதலாண்டில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் காலமானார். துறைக்குத் தந்தி வந்தது. பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர் இனி இதற்கெல்லாம் வரமாட்டார் என்று தெருவில் பேச்சாம். பக்கத்து ஊரிலிருந்து வேறொரு வாங்கை அழைத்து வரலாம் என்றார்களாம், மச்சான் ஒப்பவில்லை. உச்சிப்பொழுதுக்குள் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு இரண்டு கொம்புகளையும் துலக்கிக்கொண்டிருந்தாராம்.

துறைத் தலைவியாரிடம் சொல்லிக்கொண்டு ரயில் ஏறி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். பாடை கட்டி முடித்திருந்தார்கள். கூடியிருந்தவர்கள் என் சட்டையையும் செருப்பையும் பார்த்து விலகி வழிவிட்டார்கள். ஒரு நாற்காலி கூட வந்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுச் சட்டையை மடித்து ஒரு பையனிடம் கொடுத்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றேன். மச்சான் என்னை வா என்றும் கேட்கவில்லை. நனைத்து வைத்திருந்த கொம்பை நீட்டினார். நான் சரியாகப் பிடித்தேனா என்று பாராமலே எடுத்தார்.

தெருக்கோடி வரையிலும், அங்கிருந்து ஓடைக்கரை வரையிலும் ஒலி அறாமல் போனோம். ஓடையைத் தாண்டும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் தம் மூச்சைச் சற்றே நீட்டி எனக்கு இடம் கொடுத்தார். கேட்ட எவரும் அதை அறிந்திருக்க மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு, கரையில் ஈரத் துண்டோடு அமர்ந்திருந்தோம். அவர் கொம்பைக் கழற்றி உள்ளே இருந்த நீரை உதறினார்.

"மூச்சு கொறஞ்சிருக்கு மாப்ள. நாக்காலியில ஒக்காந்து சம்பளம் வாங்குனா அப்படித்தான்."

"தெனமும் ஊதுறேன் மச்சான்."

"பிள்ளைங்களுக்கு ஊதிக் காட்டுறது ஒரு ஊத்தா? வாரம் ஒருக்கா வந்துட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்."

அடுத்த சனிக்கிழமை போனேன்.